கீழ்வீட்டுத் தண்ணீர்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், ஈரச் சட்டையோடு படுப்பதில்லை என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போன் எடுக்காத மலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாய். வாரத்துக்கு ஒரு வண்டி வந்தால்தான் தபால் என்கிறாய். பரவாயில்லை. போனில் பேசினால் நான் பாதியில் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

புது வீடு எப்படி என்று கேட்டிருந்தாய். அத்தானின் கம்பெனி மூடினதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் அல்லவா, அதற்கப்புறம் கிடைத்தது இதுதான். நாலு மாடிக் கட்டடம். நாங்கள் முதல் மாடிக்கும் கீழே, தரைக்கும் கீழே. பேஸ்மென்ட் என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் கீழ்வீடு என்று பேர் வைத்துவிட்டோம். ஒரே ஒரு ஜன்னல், கூரையை ஒட்டி. அதில் தெருவில் போகிறவர்களின் கால் மட்டும் தெரியும். உன் மருமகள் வாலு, செருப்பை வைத்தே ஆளைச் சொல்கிறாள். “அம்மா, தேஞ்ச செருப்பு மாமா இன்னிக்கு லேட்டு!” நான் திரைச்சீலைக் கடைக்குத் தைத்துக் கொடுக்கிறேன். என்னைவிட உயரமான ஜன்னல்களுக்கெல்லாம் இந்தக் கீழ்வீட்டிலிருந்துதான் துணி போகிறது. சிரிப்பாக இல்லை?

ஒரு சின்ன விஷயம். போன வாரம் தையல் மெஷினுக்குக் கீழே தரை வியர்த்திருந்தது. துடைத்தேன். காலையில் பாய் நனைந்திருந்தது. ஓனர் எட்டிப் பார்த்துவிட்டு, “துவைக்கிற தண்ணியெல்லாம் உள்ளயே ஊத்திடுவீங்களாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார். நான் துவைப்பது மொட்டை மாடியில்.

உன் அத்தானுக்கு இன்னும் வேலை அமையவில்லை. கேட்டால் “வரும்” என்கிறார். மற்றபடி நன்றாக இருக்கிறார். இதையெல்லாம் நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா,

நான் குண்டுக்கல்லு மாதிரி இருக்கிறேன். ரயில் போக மலையைக் குடைகிறார்கள், நான் உள்ளே விளக்குக்கும் மிஷினுக்கும் வயர் இழுக்கிறேன். சாப்பாடு வேகிறது, சில நாள் வேகாமலும் வருகிறது. வாலுவைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எரிகிறது. அது கார் நிறுத்தக் கட்டிய இடம், அக்கா. காருக்கு ஈரம் ஆகாது என்று வெளியே நிறுத்திவிட்டு, மனுஷனை உள்ளே வைத்து வாடகை வாங்குகிறான். தரை நனைந்தால் குடியிருக்கிறவளைக் கேட்கிறான். சுவருக்குள் அவன் போட்ட குழாய் உடைந்திருக்கும். பிளம்பரைக் கூப்பிடச் சொல். நீ சொல்லமாட்டாய். பல்லைக் கடித்துக்கொண்டு பாயைக் காயப்போடுவாய். எனக்குத் தெரியாதா உன்னை?

ஒரு ஓனர் எம்மாத்திரம்? ஊர்த் தண்ணீரை உறிஞ்சிச் சர்க்கரை போட்டு பாட்டிலில் அடைத்து நமக்கே விற்றவனை நம் தெருக்காரர்கள் எதிர்த்து நிற்கவில்லையா? கிணறெல்லாம் காய்ந்து, லாரித் தண்ணீருக்கு ஜனங்கள் அடித்துக்கொண்டார்களே. கம்பெனி கேட்டுக்கு முன்னால் எத்தனை நாள் நின்றோம்! மைக் என் கையில் இருந்தது. கடைசியில் ஜூஸ் கம்பெனி மூட்டை கட்டியதா இல்லையா? கேட்டால்தான் எதுவும் நடக்கும். கேள்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். போன கடிதத்திலும் சொல்லச் சொன்னேன். சொன்னாயா?

உன் தம்பி

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ நன்றாக இருப்பதில் சந்தோஷம். வாலுவுக்கு ஒரு பல் விழுந்திருக்கிறது. எனக்கு லேசான இருமல், வெந்நீர் குடித்தால் போய்விடும்.

நீ சொன்னபடி கேட்டேன். ஓனர் பிளம்பரைக் கூட்டிவந்தார், அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அப்புறம் மூன்றாம் மாடி டீச்சரம்மா சொல்லி, நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். “குழாய்த் தண்ணியும் இல்ல, சாக்கடையும் இல்ல. இது பூமித் தண்ணிம்மா. அடியில இருந்து மேல ஏறி வருது. இந்தச் சுத்துவட்டாரத்துல கிணறெல்லாம் ரொம்பிக் கிடக்கு, பாக்கலியா? உங்க தரை அந்தத் தண்ணி மட்டத்துக்குக் கீழ மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான்.”

எப்போதிலிருந்து ஏறுகிறது என்று அத்தான் கேட்டார். நகராட்சிக்காரர் சொன்னார். அதற்குமேல் அத்தான் எதுவும் கேட்கவில்லை.

இப்போது பூச்சுவேலை நடக்கிறது. அத்தானே சிமென்ட்டைக் குழைத்துத் தரையைப் பூசுகிறார். ஒரு விரிசலை அடைத்தால் அந்தத் தண்ணீர் நாலடி தள்ளி வேறு விரிசலில் வந்து நிற்கிறது, கண்ணாமூச்சி ஆடுகிற மாதிரி. வாலு, “அப்பா, இங்க வந்திருச்சு!” என்று ஓடி ஓடிக் காட்டுகிறாள். நாங்கள் இரண்டு பேரும் பக்கெட்டில் முகந்து படியேறிக் கொட்டுகிறோம். எனக்கு இடுப்பு கொஞ்சம் மெலிந்திருக்கிறது, நல்லதுதான்.

ஓனர் தன்னுடைய பழைய பம்ப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். “இறைச்சுக்கிட்டா இருங்க. இல்லேன்னா ஜூன் கடைசியில கல்லு மண்ணைக் கொட்டி மூடிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது” என்றார். மூடினால் போக இடம் இல்லை, தம்பி. இந்த வாடகைக்கு வேறு வீடு தேடிப் பார்த்துவிட்டோம். கிடைக்கிற ஒற்றை அறைகளில் தையல் மெஷின் வைக்கக் கூடாதாம், சத்தமாம். மெஷின் போனால் சோறு போச்சு. அத்தானின் அண்ணன் வீட்டுத் தாழ்வாரம்தான் மிச்சம். அங்கே போனால் அவர் இன்னும் பேச மறந்துபோவார்.

வணக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அத்தான் நன்றாக இருக்கிறார்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ? ஒரு மாதமாகப் பதில் இல்லை. தபால்காரரின் செருப்பு ஜன்னலில் தெரியும்போதெல்லாம் வாலு படியேறி ஓடிவிட்டு வெறுங்கையோடு வருகிறாள். உனக்கு உடம்புக்கு எதுவும் இல்லையே? மலைக்குள் கல் சரிந்தது என்று யாராவது எதையாவது சொன்னால் எனக்குக் கை ஓடுவதில்லை.

போன கடிதத்தில் நான் எதையாவது எழுதி நீ எதையாவது நினைத்துக்கொண்டாயா? நான் எதையும் மனதில் வைத்து எழுதவில்லை. தண்ணீர் வருகிறது என்று எழுதினேன், அவ்வளவுதான்.

இப்போது கணுக்கால் அளவு நிற்கிறது. மெஷினைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருக்கிறேன். நானும் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீருக்கு மேல் மிதித்துத் தைக்கிறேன், படகு ஓட்டுகிற மாதிரி. துணியின் ஓரம் நனைந்தால் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் வாலு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீலையின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள், கல்யாண ஊர்வலம் போல. படுக்கையைப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு மாற்றிவிட்டோம். மாடிக்காரர்கள் எங்கள் காலைத் தாண்டித்தான் போகிறார்கள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. லிஃப்ட்டுக் குழிக்குள்ளும் தண்ணீர் இறங்கி, அது நின்றுபோய்விட்டது. எல்லாரும் நடந்துதான் ஏறுகிறார்கள். அதில் மட்டும் எல்லாரும் சமம்.

ஒரு வரி போதும். இருக்கிறேன் என்று எழுது.

அக்கா

ஏப்ரல் 22

அன்புள்ள அக்கா,

இருக்கிறேன். கல் எதுவும் சரியவில்லை. உன் இருமல் எப்படி? பொய் சொல்லாமல் எழுது.

நகராட்சி ஆள் எப்போதிலிருந்து என்று சொன்னதை நீ எழுதவில்லை. நானே விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கம்பெனி மூடின மாதத்திலிருந்து எண்ணினால் சரியாக வருகிறது. இராப்பகல் உறிஞ்சிக்கொண்டிருந்த பம்ப்புகள் நின்றன, தண்ணீர் பழையபடி ஏறிவிட்டது. கிணறு ரொம்பிவிட்டது என்று படித்ததும் முதலில் கையைத் தட்டினேன் அக்கா, பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் என்னவோ என்று எழுந்து உட்கார்ந்தான். அப்புறம் அடுத்த வரியைப் படித்தேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. அதனால்தான் பதில் இல்லை.

சரி, வேலையைப் பேசுவோம். இங்கேயும் மலைக்குள் நாலு பக்கமும் தண்ணீர் கொட்டுகிறது. இவர்கள் அதை அடைப்பதே இல்லை. அடைத்தால் அது முட்டிக்கொண்டு வேறு பக்கம் உடைக்கும், அத்தான் பூசுகிற தரையைப் போல. நடக்கிற தரையைவிடத் தாழ்வாக ஒரு குழி வெட்டுகிறார்கள். தண்ணீர் தானாக அங்கே போய்ச் சேரும். குழிக்குள் ஓட்டை போட்ட டிரம்மை இறக்கி, சுற்றி ஜல்லியைக் கொட்டி, நடுவில் பம்ப்பை வைத்து வெளியே இறைக்கிறார்கள். குழி காலியாக இருக்கும்வரை தரை காய்ந்திருக்கும். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஓனர் பம்ப்பு கொடுத்துவிட்டான். கரண்ட்டு இருக்கிறது. கம்பெனி பம்ப்புகளை அத்தனை வருஷம் ஓட்டினவர் வீட்டிலேயே இருக்கிறார். அப்புறம் எதற்குப் பக்கெட்?

உன் தம்பி

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. இருமல் இருக்கிறது, பெரிதாக இல்லை. டீச்சரம்மா ஒரு மருந்து கொடுத்திருக்கிறார். வாலுவுக்கு அடுத்த பல்லும் ஆடுகிறது.

நீ எழுதியதை வாய்விட்டுப் படித்தேன், மலைக்குள் குழி வெட்டுகிறார்களாம் என்று கதை சொல்கிற மாதிரி. அத்தான் பூச்சுக்கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். “ம்” என்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு “ம்”.

கடையில் ஒரு பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. யாரோ மலைமேல் பங்களா கட்டியிருக்கிறார்களாம், சுவரே இல்லாமல் முழுக்கக் கண்ணாடியாம். நீலத் துணி. தண்ணீரில் நிழல் விழுந்தால் அறையே நீலமாகிவிடுகிறது, அழகாக இருக்கிறது. அழகைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாலாம் மாடிப் பெரியவர் லிஃப்ட்டு இல்லாமல் மூன்று வாரத்துக்குமேல் கீழே இறங்கவில்லை, அவருக்குப் பேப்பரும் பாலும் வாலுதான் கொண்டுபோகிறாள். மாடிக்காரர்கள் ஓனரிடம் சண்டை போட்டார்கள். அவர் ஜூன் கடைசியில் மூடிவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார். லாரி பேசி வைத்துவிட்டாராம்.

பம்ப்பு மூலையில் சாக்கு போட்டு மூடியிருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. எதற்கும் ஒரு நேரம் வர வேண்டும்.

அங்கே குளிர் குறைந்ததா? கம்பளியை உதறிப் போர்த்திக்கொள்.

அன்புடன்,
அக்கா

மே 15

அத்தானுக்கு,

வணக்கம். நேராக உங்களுக்கே சொல்கிறேன், இதுவரை நான் சொல்லியனுப்பியது எதுவும் உங்களிடம் வந்து சேரவில்லை என்று தெரிகிறது. உங்கள் உடம்பு நலமா? முதுகு வலி எப்படி இருக்கிறது?

பம்ப்பைத் தொடுவதில்லை என்று நீங்கள் இருப்பதை அக்கா எழுதவில்லை. எழுதாமலே எழுதிவிட்டாள். நான் பம்ப்பைப் பற்றிக் கேட்டால் அவள் திரைச்சீலையைப் பற்றிப் பதில் எழுதுகிறாள்.

கேட்டுக்கு முன்னால் தெருவே திரண்டு நின்று தண்ணித் திருடன் என்று கத்தியதை நீங்கள் உள்ளே நின்று கேட்டீர்கள். கம்பெனியைத்தான் சொன்னோம். கம்பெனிக்காரன் எந்த ஊரிலோ ஏசியில் இருந்தான். நீங்கள் கேட்டுக்குள் இருந்தீர்கள். அவன் காதில் விழவேண்டியது உங்கள் காதில் விழுந்தது. எப்போதும் அப்படித்தான், மேலே இருக்கிறவனைத் திட்டினால் கீழே இருக்கிறவன்மேல்தான் விழுகிறது.

அதற்காகப் பக்கெட்டால் முகந்தே செத்துப்போவீர்களா? அன்றைக்குப் பாட்டிலுக்காக இறைத்தீர்கள். இன்றைக்கு வீட்டுக்காக இறையுங்கள். வேலை ஒன்றுதான், யாருக்கு என்பதுதான் வேறு. கோபம் என்மேல் என்றால் என்மேல் வைத்துக்கொள்ளுங்கள். பம்ப்பின்மேல் வைக்காதீர்கள். அக்கா இருமுகிறாள். அவள் சொல்வதைவிட ஜாஸ்தியாக இருமுகிறாள் என்பது என் சந்தேகம்.

ஜூன் கடைசிக்கு நாள் இல்லை.

உங்கள் மைத்துனன்

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகம், சுகம்! முதலில் அதை எழுதிவிடுகிறேன். உட்கார்ந்து படி.

உன் கடிதம் வந்தது. அத்தான் படித்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்தார். கரண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி தரையைப் பூசப் போனார். அன்றைக்கு எனக்கு அழுகைகூட வரவில்லை.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாக்கை விலக்கினேன். குழாயின் ஒரு முனையைத் தண்ணீரில் போட்டேன், மறுமுனையை ஜன்னல் வழியாகத் தெருவில் விட்டேன். ஈரத்தில் நிற்கக் கூடாது என்று படியில் ஏறி நின்று சுவிட்சைத் தட்டினேன். எனக்கென்ன தெரியும்?

தண்ணீர் வரவில்லை. பம்ப்பு மட்டும் கல்லை மென்று துப்புகிற மாதிரி கத்தியது. நான் சுவிட்சை அணைக்கவில்லை. அது இன்னும் மோசமாகக் கத்தியது.

“ஏய்! ஏய்! நிறுத்து! காஞ்சு ஓடுதுடி, கருகிடும்!”

அத்தான் நாலு படியை ஒரே தாவலாகத் தாவி வந்தார். சுவிட்சை அணைத்தார். “தண்ணி ஊத்தி நிரப்பாம போடுறியே, அறிவிருக்கா? இத்தனை வருஷம் யாரோட குடித்தனம் பண்ணின?” என்று கத்தினார். தம்பி, மனுஷன் என்னைத் திட்டி ஒரு வருஷம் ஆகிறது. காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

“ஓனர் மண்ணடிக்கப் போறார். அதுக்குள்ள எரிஞ்சா எரியட்டும்னுதான்” என்றேன்.

“பம்ப்பு என்ன பாவம் பண்ணிச்சு?” என்றார். சொல்லிவிட்டு அப்படியே நின்றார். தான் சொன்னதைத் தானே கேட்ட மாதிரி. அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். மூடியைத் திறந்து சொம்பால் ஊற்றி நிரப்பினார். குழாய் வாயைத் திருகினார். காதை வைத்துக் கேட்டார். சுவிட்சைத் தட்டச் சொல்லி எனக்குக் கை காட்டினார். தட்டினேன். ஒரு இருமல், ஒரு விக்கல், அப்புறம் சத்தம் சீராகிவிட்டது. “ஆங், புடிச்சிருச்சு” என்றார். சிரித்தார்!

மேலே தெருவில் தண்ணீர் பாய்ந்ததும் ஜன்னலில் செருப்புகள் கூடிவிட்டன. குடங்கள் வந்தன. இஸ்திரிக்கடை அம்மாவை நினைவிருக்கிறதா? கம்பெனி கேட்டில் உன் மைக்குக்குப் பக்கத்தில் நின்று, மைக் இல்லாமலே உன்னைவிடச் சத்தமாகக் கத்தினாரே, அவர்தான் ஜன்னலில் குனிந்தார். “ஏம்பா, இது குடிக்க ஆகுமா?”

“துவைக்க ஆகும். குடிக்கணும்னா கொதிக்க வச்சாலும் நான் பொறுப்பில்ல” என்றார் அத்தான், நிமிராமலே.

“எத்தனை மணி வரைக்கும் ஓட்டுவே?”

“குடம் வர்ற வரைக்கும்.”

அந்த அம்மா குனிந்தபடியே அவர் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம், “உன் சட்டையைக் குடுத்து விடு, தேச்சுத் தர்றேன். பார்க்கச் சகிக்கல” என்றார். அவ்வளவுதான். ஆனால் சட்டை போனது, மடிப்பு கலையாமல் வந்தது.

மறுநாளே தாழ்வான மூலையில் தரையை உடைத்து, உன் மலைக்காரர்கள் செய்கிற மாதிரியே குழி வெட்டினார். டிரம், ஜல்லி எல்லாம் நீ எழுதினபடி. தண்ணீர் ஓடிப்போய்க் குழிக்குள் விழுகிறதைப் பார்க்க வேண்டுமே! தரை தெரிந்தது. வாலு காணாமல் போன தன் சீப்பைக் கண்டுபிடித்தாள். லிஃப்ட்டுக் குழியும் வற்றிவிட்டது. நாலாம் மாடிப் பெரியவர் இறங்கி வந்து காரணமே இல்லாமல் மூன்று தடவை ஏறி இறங்கினார்.

ஓனர் வந்தார். “பரவாயில்லையே! அப்ப மண்ணடிக்க வேணாம், நீங்க பாட்டுக்கு இருங்க” என்றார் பெரிய மனது பண்ணி. அத்தான் கையைத் துடைத்துக்கொண்டார். “நாங்க இங்க இருக்கறதா இல்ல சார். பம்ப்பு இங்க இருக்கட்டும். அதை நான் பார்த்துக்கறேன். தண்ணி கீழ இருக்கட்டும், மனுஷன் மேல இருக்கணும். வாசல் பக்கத்துல உடைஞ்ச சோபா போட்டு ஒரு ரூமைப் பூட்டி வச்சிருக்கீங்களே, அதைக் குடுங்க. வாடகை இதேதான்.”

ஓனருக்கு முகம் சிறுத்துவிட்டது. “அது ஸ்டோர் ரூம் ஆச்சே, சோபாவை எங்கப்பா போடறது?”

டீச்சரம்மா லிஃப்ட்டுக்குள்ளிருந்தே சொன்னார்: “கீழ போடுங்க சார். சோபாவுக்கு இருமல் வராது.”

சாவி கிடைத்துவிட்டது, தம்பி. இரண்டு ஜன்னல். வெயில் தரையில் விழுகிறது. நான் முதல் வேலையாகத் திரைச்சீலை தைத்தேன், மிச்சத் துணியில், எங்களுக்கு. அப்புறம் மாட்டவில்லை. வெயிலை எதற்கு மறைப்பது?

அன்புடன்,
அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். காம்ப்பில் எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சோபா வந்த இடத்தில் சமையல்காரர் கரண்டியால் தட்டித் தாளம் போட்டார். அந்த டீச்சரம்மாவை எங்கள் சங்கத்தில் சேர்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் உங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தபோது தினமும் பம்ப்புக்குத் தண்ணீர் ஊற்றி நிரப்பி, சுவிட்சைத் தட்டி, அது பிடித்ததும் “எழுந்து குளிடா எருமை” என்று என்னை எழுப்பியது யார்? எனக்கென்ன தெரியும் என்கிறாயே. உண்மையைச் சொல்.

இங்கே ஜூலையோடு என் வேலை முடிகிறது. இன்னொரு மலைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாம் என்று இருக்கிறேன். நீங்கள் இப்போதுதான் மூச்சு விடுகிறீர்கள். அத்தானுக்கு வேலை போனது, குவார்ட்டர்ஸ் போனது, எதனால் என்று தெருவுக்கே தெரியும். கம்பெனி அக்கிரமம் செய்தது, எதிர்த்தோம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் வாசலில் வந்து நின்று பெட்டியை இறக்கி வைக்க எனக்குக் கால் வரவில்லை. தண்ணீர் வடிந்த சேதியே போதும். நிம்மதியாகத் தூங்குகிறேன்.

வாலுவுக்கு முத்தம். அத்தான் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

உன் தம்பி

ஜூலை 1

மாப்பிள்ளைக்கு,

நான்தான். அனைவரும் நலம். உன் அக்காவுக்கு இருமல் நின்றுவிட்டது. இதை நான் சொன்னால் நம்புவாய் என்பதால் முதலில் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அக்காவுக்கு எழுதியதைப் படித்தேன். ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. நீ மைக்கைக் கையில் எடுப்பதற்கு முந்தின வருஷமே கம்பெனியில் பாதி மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டோம். ஏற்றினவர்களில் நானும் ஒருத்தன். வேறு எங்கேயோ இடமும் கரண்ட்டும் சும்மா கொடுத்தார்களாம், போனார்கள். நீங்கள் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோது உள்ளே நாங்கள் ஆணி அடித்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். அவர்கள் உனக்குப் பயந்தும் போகவில்லை, உன்னால் துரத்தப்பட்டும் போகவில்லை. லாபம் எங்கே வழிந்ததோ அங்கே போனார்கள்.

இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று உன் அக்காதான் தடுத்தாள். “ஜெயிச்சோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கான், இருந்துட்டுப் போகட்டும்” என்றாள். நீ அதைத் தலையில் சுமந்துகொண்டு மலை மலையாகப் போவாய் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இறக்கி வை. என் வேலை உன்னால் போகவில்லை. குவார்ட்டர்ஸ் உன்னால் போகவில்லை. தண்ணீரும் உன்னால் ஏறவில்லை. உன்னால் ஆனது ஒன்றே ஒன்றுதான், உனக்குத் தொண்டை கட்டினது.

என் வருத்தம் வேறு. வேலைக்காரனுக்கும் முதலாளிக்கும் வித்தியாசம் தெரியாமல் கத்தினார்களே என்று இருந்தது. அதுவும் போய்விட்டது. சாயங்காலம் குடத்தோடு வருகிறவர்கள் ஒவ்வொருத்தராக ஏதாவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள், கீரை, பழைய புத்தகம், வாலுவுக்கு ரிப்பன். யாரும் பழசைப் பேசுவதில்லை. பேசாமல் கொடுப்பதே எனக்கு வசதியாக இருக்கிறது. பக்கத்துக் கட்டடம், எதிர்க் கட்டடம் இரண்டிலும் பேஸ்மென்ட்டில் தண்ணீர். குழி வெட்ட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வயரிங் தெரிந்த ஆள் ஒருத்தர் கூட இருந்தால், தண்ணீர் ஏறினால் ஓடி, வற்றினால் தானாக நிற்கிற மாதிரி செய்துவிடலாம். என்னால் ஒற்றை ஆளாக முடியாது.

குவார்ட்டர்ஸ் பம்ப்பு விஷயத்தை நீ கேட்டதற்கு உன் அக்கா இன்னும் பதில் எழுதவில்லை. நானும் கேட்டேன். “எனக்கென்ன தெரியும்” என்று சொல்லிவிட்டு நூல் கோக்கப் போய்விட்டாள். நாம் இரண்டு பேரும் இதற்குமேல் கேட்காமல் இருப்பது நல்லது.

இன்னொரு மலையெல்லாம் வேண்டாம். புறப்பட்டு வா. பழைய விலாசம் இப்போது செல்லாது, புதிய அறைக்கு இன்னும் நம்பர் போடவில்லை. தெருமுனையில் இறங்கி, பம்ப்பு ஓட்டுகிறவர் வீடு எது என்று கேள். யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள்.

அத்தான்